கியூட்டெக்ஸ் பொட்டு

மலைச் சைக்கிளுக்குக் கியர் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கறுப்பா, வெள்ளியா என்பார்கள். பிறகு பல்லுச்சில்லு எத்தனை என்று எண்ணுவார்கள். பின்கியரும் கைப்பிடியிலிருந்து அதை மாற்றுகிற ஷிப்டரும் ஒன்றுக்கொன்று சேருமா என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். தனோஜன் அதைக் கேட்டவன். அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும். இன்ஸ்பெக்டர் சேர், இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நேற்று நான் பொலிஸுக்கு நேரில் வந்து சொன்னபோது உங்கள் கொன்ஸ்டபிள் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார். "பேர்டி அங்கிள், வெயிலுக்க நடந்து வந்திருக்கீங்க, வீட்ட போய்ப் படுங்க" என்றார். அவருடைய முதல் சைக்கிளுக்குச் சில்லு பூட்டிக் கொடுத்தவன் நான். அவர் நம்பாததில் பிழையில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். வாக்குமூலத்துக்கு என்ன வடிவம் என்று எனக்குத் தெரியாது. நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

எனக்கு அறுபத்தொரு வயது. மட்டக்களப்புப் புளியந்தீவில் வாவிக்கரையோடு என் சைக்கிள் திருத்தகம். மனைவி பிறிசில்லா இறந்து நாலு வருடம். ஒரே மகன் இயன், வயது இருபத்தேழு. என் கடையில் ஒரு வழக்கம் உண்டு, அது உங்களுக்கு முக்கியம். சங்கிலியைப் பல்லுச்சில்லுக்குப் பல்லுச்சில்லு தள்ளுகிற பின்கியரில் இரண்டு சிறிய திருகாணிகள் இருக்கும். ஒன்று சங்கிலியை வெளிப்பக்கம் விழாமல் தடுக்கும், மற்றது உள்ளே சில்லின் கம்பிகளுக்குள் போகாமல் தடுக்கும். அவற்றை அளவாகத் திருப்பி, சைக்கிளை வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, திருகாணியின் தலையும் உடம்பும் சேருமிடத்தில் ஒரு துளி சிவப்புக் கியூட்டெக்ஸ் வைப்பேன். காய்ந்த பிறகு யாராவது திருகாணியைத் தொட்டால் பொட்டு வெடித்துவிடும். பொட்டு முழுதாக இருந்தால் அது நான் வைத்த அளவு என்று அர்த்தம். முதல் குப்பி பிறிசில்லாவினுடையது. "நகத்துக்குப் பூசுறத்த இரும்புக்குப் பூசுற மனிசன்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் விட்டுப்போன குப்பிகளில் கடைசி ஒன்றைத்தான் இன்னும் பாவிக்கிறேன்.

தனோஜன் பனிச்சங்கேணிக்காரன். தகப்பனோடு களப்பில் வலை போட்டு வளர்ந்தவன். இரும்புச் சைக்கிளில் மீன் பெட்டி கட்டி ஓடி ஓடிக் காலை உரமாக்கிக்கொண்டான். போன வருடம் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் ஆட்கள் மலைச் சைக்கிள் போட்டி ஒன்று வைத்தார்கள். பட்டணத்திலிருந்து கிரான் வழியாகக் குடும்பிமலைவரை. வெல்லுகிறவருக்கு அந்த ஹோட்டலில் நிரந்தர வேலை, வெள்ளைக்காரரைச் சைக்கிளில் வயல், களப்பு என்று கூட்டிப்போகிற பகுதிக்குப் பொறுப்பாளர். போட்டிக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்தாலும் வெல்லக்கூடியவர்கள் இரண்டு பேர்தான் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒருவன் தனோஜன். மற்றவன் என் இயன்.

இயன் எனக்கு மறைத்து எதுவும் பேசுகிறவன் அல்ல. ஒரு காலை பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "இந்த வேல கிடைச்சா இஞ்சதான் நிப்பன் பப்பா. கிடைக்காட்டி மியூரியல் ஆன்ட்டிட்ட போறன். அவ பேப்பர் எல்லாம் ரெடியா வெச்சிருக்கிறா."

மியூரியல் என் அக்கா. அவுஸ்திரேலியாவில் முப்பது வருடம். எங்கள் பறங்கி ஆட்களில் போகாமல் மிஞ்சியவர்களை இப்போது பூசையில் இரண்டு வாங்கில் இருத்திவிடலாம். நான் அவன் தட்டில் இன்னொரு துண்டு பாண் எடுத்து வைத்தேன். அன்று பகல் முழுவதும் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. வயது போன ஒரு மனிதன் தனியாக ஒரு வீட்டில் விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இதை இரக்கம் கேட்டு எழுதவில்லை. காரணம் கேட்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் தனோஜன் வந்தான். அவனுடைய அக்கா ஆர்த்திகா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், அவள் எடுத்துக்கொடுத்த பழைய மலைச் சைக்கிள் ஒன்றோடு. சட்டம் நல்லது, கியர் எல்லாம் செத்தது.

"அங்கிள், பின்னுக்குப் பன்னிரண்டு பல்லுச்சில்லு போடுவமா, பத்து காணுமா?"

"பன்னிரண்டு என்னத்துக்கு மனே? மட்டக்களப்பில ஏறுறத்துக்கு இரிக்கிறது ஒரு குடும்பிமலதான்."

"அந்த ஒண்டுக்குத்தான் அங்கிள் பயமா இரிக்கி."

அவன் சொன்னது சரி. எங்கள் பக்கம் நிலம் பாய் விரித்த மாதிரி. சித்தாண்டி வயல் வட்டைகளுக்குள்ளால் நாள் முழுக்க ஓடினாலும் பெரிய பல்லுச்சில்லுக்குச் சங்கிலி போக வேண்டிய தேவையே வராது. கடைசி இரண்டு கிலோமீற்றர் கிறவல் மண் ஏற்றத்தில்தான் அது வேண்டும். அதில்தான் போட்டியே.

இருவரும் காத்தான்குடிக்குப் போனோம். ஸாஹிரின் சாமான் கடை. ஸாஹிரும் நானும் இருபத்தைந்து வருடச் சிநேகிதம். அவன் கண்ணாடி அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களோடு அரை நாள் நின்றான். தனோஜன் ஒரு கம்பனி ஷிப்டரையும் இன்னொரு கம்பனிப் பின்கியரையும் கையில் எடுத்தான், இரண்டும் பார்வைக்கு அழகு. நான் வாங்கித் திரும்ப வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினால் ஒரு ஷிப்டர் இழுக்கிற கேபிளின் நீளம் வேறு, மற்றது இழுக்கிற நீளம் வேறு. மாற்றிப் பூட்டினால் சங்கிலி ஒரு பல்லுச்சில்லிலும் ஒழுங்காகக் குந்தாது. ஒரே கம்பனியில் பத்துக்குப் பத்து எடுத்தேன். பெரிய பல்லுச்சில்லுக்கு எட்டவேண்டும் என்பதால், சங்கிலியைத் தாங்குகிற கூடு நீளமான பின்கியர். கிறவலில் சங்கிலி துள்ளாமல் இழுத்துப்பிடிக்கிற பூட்டு உள்ளது. ஷிப்டர் முறுக்குகிற வகை வேண்டாம், வியர்த்த கைக்கு வழுக்கும் என்று பெருவிரலால் தள்ளுகிற வகை.

"மச்சான், இதவிடத் திறமா என்னட்டயும் இல்ல, கொழும்பிலயும் இல்ல" என்றான் ஸாஹிர்.

உண்மை. தெரிவில் நான் ஒரு பிழையும் விடவில்லை. நான் பிழையான சாமானைத் தெரிந்து கொடுத்திருந்தால் தனோஜன் புளியந்தீவைத் தாண்டுமுன்பே கண்டுபிடித்துத் திரும்பி வந்திருப்பான். அவன் காது அப்படி. ஆகவே சாமான் ஆகத் திறமானதாக இருக்கவேண்டியிருந்தது. எந்த இடத்தில் இதை முடிவெடுத்தேன் என்று கேட்டால், அந்தக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால்தான் என்று நினைக்கிறேன். ஸாஹிர் எங்களுக்குப் பிளேன்ரீ எடுக்க உள்ளே போயிருந்தான்.

பூட்டுவதற்கு இரண்டு நாள் எடுத்தேன். பின்சில்லில் பல்லுச்சில்லுகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டு வரும். அது ஒரு காவல். தனோஜன் அதைக் கழற்றச் சொன்னான், சின்னப்பிள்ளைச் சைக்கிள் மாதிரி இருக்கிறதாம். கழற்றினேன். இந்தக் கடிதத்தின் முதல் பிரதியில் அதைப் பெரிதாக எழுதி, அவன்தானே சொன்னான் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். வாசித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது, கிழித்துப்போட்டேன்.

பிறகு உள்பக்கத் திருகாணியை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். இதுதான் நான் செய்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாகத் தட்டினால் ஷிப்டர் தன் இடத்தில் நிற்கும், சங்கிலியும் ஒழுங்காக நிற்கும். அவசரத்தில், மூச்சு முட்டுகிற நேரத்தில், பெருவிரலால் முழுதாகத் தள்ளினால்தான் பின்கியர் தன் எல்லையைத் தாண்டிப்போகும். அந்த நேரம் தடுத்துப்பிடிக்க அந்தத் திருகாணி ஒன்றுதான் உண்டு. அது இல்லாவிட்டால் கூடு கம்பிகளுக்குள் போய் மாட்டும், பின்சில்லு பூட்டிக்கொள்ளும்.

என் எண்ணம் இப்படி இருந்தது. குடும்பிமலை ஏற்றத்தில் எவனும் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போவான். சில்லு மாட்டினால் சரிந்து விழுவான். முழங்கால் தோல் போகும். பின்கியர் உடைந்தால் போட்டி அவனுக்கு முடிந்தது. இயன் வெல்வான், பாசிக்குடாவில் வேலை, பின்னேரம் வீட்டுக்கு வருவான். தனோஜனுக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு வேறு போட்டிகள் வரும். பனிச்சங்கேணிப் பாலம் என் நினைவிலேயே வரவில்லை. இப்படித்தான் இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லி வந்தேன்.

சைக்கிளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாகரைக்கு மீன் ஏற்றப்போகிற லொறி ஒன்றில் சைக்கிளோடு ஏறி, பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, மிச்சத் தூரத்தை ஓட்டிக்கொண்டு போனேன். ஆர்த்திகா பொரித்த மீனும் சோறும் தந்தாள். தனோஜன் சாப்பிடவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து பொட்டை விரலால் தடவிப் பார்த்தான். "பேர்டி அங்கிளின்ட பொட்டு இரிக்கி, இனி ஒண்டுக்கும் யோசிக்கத் தேவல்ல" என்று அக்காவிடம் சொன்னான். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. விவரம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. பின்னேரம் மூன்று மணி, கச்சான் காற்று களப்புக்கு மேலால் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. கிரானில் பயிற்சி முடித்து வீட்டுக்குத் திரும்பியவன் பாலத்து ஏற்றத்தில் காற்றோடு முட்டிக் கியரை முழுதாகத் தள்ளியிருக்கிறான். பின்சில்லு பூட்டிக்கொண்டது. வலப்பக்கம், வீதிக்கு நடுவே சரிந்தான். பின்னால் மண் ஏற்றிய டிப்பர். சாரதி வெட்டித் திருப்பினான், அதனால் உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். என்னதான் நடந்தது என்று என்னைக் கேட்டார்கள், ஊரில் எனக்குத்தானே தெரியும். "சாமான் சரியில்லபோல" என்றேன். இரண்டே சொல். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் வரவில்லை. அடுத்த நாள் ஸாஹிரின் கடைப் படம் பேஸ்புக்கில் வந்தது, போலிச் சாமான் விற்றுப் பிள்ளையின் காலை எடுத்தவன் என்று. அதற்குக் கீழே ஆட்கள் எழுதியதை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட விரும்பவில்லை. அவன் சாதியையும் மதத்தையும்கூட விடவில்லை. ஒரு மாதத்துக்குள் ஸாஹிர் சைக்கிள் சாமான் விற்பதை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் வாளி விற்கத் தொடங்கினான். என்னிடம் வந்து ஒருநாளும் குறை சொல்லவில்லை. "கம்பனிக்காரன் என்ன ஏமாத்திட்டான் மச்சான்" என்று மட்டும் சொன்னான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அந்தக் கையை நினைக்க இப்போது கூசுகிறது.

உடைந்த சைக்கிளை ஆர்த்திகா என் கடைக்கு அனுப்பிவைத்தாள், வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று. இயன் அதை நிலத்தில் படுக்கவைத்து, போனில் வெளிச்சம் அடித்துப் பின்கியரை நெடுநேரம் பார்த்தான். வளைந்த கூட்டைப் பார்க்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். எழும்பிக் கையைத் துடைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டியில் அவன் ஓடவில்லை. சித்தாண்டிப் பெடியன் ஒருவன் வென்று அந்த வேலைக்குப் போனான். மார்கழியில் இயன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். விமான நிலையத்துக்கு என்னை வரவேண்டாம் என்றான். அலைச்சல் என்று சொன்னான். மியூரியல் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள், அவன் குளிக்கிறான் என்பாள், நித்திரை என்பாள்.

நான் இப்படியே செத்துப்போயிருப்பேன், சேர். அதுதான் உண்மை. மனச்சாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுத ஆசைதான். நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போனேன், நற்கருணையும் வாங்கினேன், வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கடை வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. தனோஜன் கைத்தடிகளோடு இறங்கினான், பின்னால் ஆர்த்திகா. அவன் மெலிந்திருந்தான், சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அங்கிள், ஒத்தக் காலால மிதிக்கிற மாதிரி ஒரு கியர் செட் பண்ணித் தருவீங்களா?"

"ஏலாது எண்டு நானும் சொல்லிப் பாத்துட்டன் அங்கிள்" என்றாள் ஆர்த்திகா. "வேற ஒருத்தரும் தொடப்படாதாம். நீங்கதான் செய்யணுமாம்."

அவன் எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தான். ஒரு காலால் மிதிப்பதென்றால் சில்லு இலேசாகச் சுற்றவேண்டும், அதற்குப் பின்னால் இன்னும் பெரிய பல்லுச்சில்லு வேண்டும், அதற்கு எட்டுகிற பின்கியர் வேண்டும். சரியாகச் சொன்னான். அன்றைக்குப் பின்னேரமே விஷயம் கேள்விப்பட்டு ஸாஹிர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடையை மாற்றும்போது விற்காமல் எடுத்து வைத்திருந்த ஒன்று, புதிது, பின்கியரும் ஷிப்டரும் ஒரே கம்பனி.

"என்ட சாமானாலதானே மச்சான் அந்தப் புள்ளைக்கு இப்பிடி ஆச்சி. இத நான் தந்தனெண்டு சொல்லாத, வாங்க மாட்டான். உன்ட கையால பூட்டிக் குடு."

பூட்டினேன். என் வாழ்க்கையில் அதைப்போல் கவனமாக எதையும் பூட்டியதில்லை. வெள்ளிக்கிழமை வந்து தனோஜன் கடை முன்னால் ஓட்டிப் பார்த்தான். இரண்டு தடவை விழப்பார்த்தான், மூன்றாம் தடவை வாவிக்கரைச் சந்திவரை போய்த் திரும்பி வந்தான். ஆர்த்திகா அழுதாள். அவன் சுவரில் சாய்ந்து நின்று குனிந்து பின்கியரைப் பார்த்தான்.

"பொட்டு வைக்கல்லையே அங்கிள்?"

குப்பியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். கை பழக்கத்தில் தானாகத் திருகாணிக்குப் போனது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூடியைப் பூட்டி மேசையில் வைத்துவிட்டு, கியூட்டெக்ஸ் காய்ந்துபோயிற்று மனே என்று பொய் சொன்னேன். அவர்கள் போனதும் கடையைப் பூட்டினேன். இன்னும் திறக்கவில்லை.

பழைய சைக்கிள் என் கடை முகட்டு வளையில் தொங்குகிறது. அதை எடுப்பியுங்கள். உள்பக்கத் திருகாணி ஒன்றரைச் சுற்று வெளியே நிற்கும். அதன்மேல் பொட்டு வெடிக்காமல் முழுதாக இருக்கும். ஆகவே அது குலுங்கிக் கழன்றதும் அல்ல, கம்பனிப் பிழையும் அல்ல. ஸாஹிர் விற்றது நல்ல சாமான். இதை ஊருக்குத் தெரிகிற மாதிரி நீங்கள் சொல்லவேண்டும். என்னிடம் கேட்கிற உரிமை இல்லை என்றாலும் இதை ஒன்றைக் கேட்கிறேன்.

முடிக்குமுன் ஒன்று. பாலம் என் நினைவிலேயே வரவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வெட்டாமல் விடுகிறேன், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும். இயன் போன் வெளிச்சத்தில் பார்த்தது வளைந்த கூட்டை அல்ல, வெடிக்காத பொட்டை. அவன் என் கடையில் வளர்ந்தவன். வீதியில் ஓட்டிப் பார்க்காமல் நான் பொட்டு வைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

கடையிலிருந்து புறப்படும்போது அந்தத் திருகாணியில் பொட்டு இல்லை. லொறியிலிருந்து இறங்கி அந்தச் சைக்கிளை நான் முதன்முதலாக ஓட்டியது பனிச்சங்கேணிப் பாலத்து ஏற்றத்தில்தான். அவன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகிற வழி அது. காற்று அடித்தது. பெருவிரலால் முழுதாகத் தள்ளினேன். கூடு கம்பியில் பட்டு டிக், டிக் என்றது, உடனே காலை நிறுத்திக் கியரை விட்டுவிட்டேன். ஒரு டிப்பர் என்னை உரசிக்கொண்டு போனது. பாலம் முடிகிற இடத்தில் இறங்கிச் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தேன். என் சட்டைப்பையில் திருப்புளியும் இருந்தது, பிறிசில்லாவின் குப்பியும் இருந்தது. நான் குப்பியை எடுத்தேன்.